இலை எங்கே?

என் போனில் ஒரே பூவின் படங்கள் 61 இருக்கின்றன. நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் ஒரு நிறம். உள்ளே இளமஞ்சள் தொண்டை. ஐந்து இதழும் நாதஸ்வரத்தின் வாய் மாதிரி விரிந்து, ஓரம் லேசாகச் சுருங்கியிருக்கும். கொழும்பு விகாரமகாதேவி பூங்காவின் ஒரு வேலியில் படர்ந்த கொடி. இரண்டு வருடமாக ஞாயிறு காலைகளில், மழைத்துளியோடு, கருவண்டோடு, வெயிலுக்கு முன்னால், வெயிலுக்குப் பின்னால் என்று எடுத்துச் சேர்த்தவை. அதில் ஆகச் சிறந்தது என்று நான் நினைத்த ஒன்றை, யாழ்ப்பாணத்தில் உயிரியல் படிப்பிக்கும் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இது என்ன பூ மச்சான்?” என்று கேட்டேன். படத்தைப் பற்றியும் ஏதாவது சொல்வான் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. இதழின் நரம்பை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: “இலை எங்கே?”

அவ்வளவுதான். நல்லாயிருக்கு என்று ஒரு சொல் இல்லை, கட்டைவிரல் அடையாளம்கூட இல்லை. கோபம் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. பூவைக் கேட்டால் இலையைக் கேட்கிறானே, ஆளைக் காட்டினால் செருப்பைக் கேட்பது போல. சரி, இலையையும் அனுப்பிவிடுவோம் என்று 61 படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். ஒன்றில்கூட இலை இல்லை. அதாவது, பச்சையாக மங்கலாக ஏதோ பின்னால் இருக்கிறது. அதை அப்படி மங்கலாக்குவதற்குத்தான் நான் இரண்டு வருடம் பழகியிருந்தேன்.

இந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது என்று கேட்டால், அம்மாவைத்தான் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். ஊரில் முற்றம் நிறையச் செடி வைத்திருந்தவருக்கு இங்கே இருப்பது பல்கனியில் ஆறு சட்டி. முழங்கால் நோவால் அவர் பூங்காவுக்கு நடந்து வருவதும் குறைந்துவிட்டது. அதனால் நான் காலை பஸ்ஸில் கொள்ளுப்பிட்டியில் இறங்கி, தர்மபால மாவத்தையால் நடந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் ஒரே கேள்வி: “உதின்ர பேர் என்ன?” தெரியாது என்றால், “பேர் தெரியாத பூவை ஏனடா படம் பிடிக்கிறாய்?” என்பார். இதற்கு என்ன பதில் சொல்வது? பேர் தேட ஆரம்பித்தேன். அது ஒரு வியாதி என்பது பிறகுதான் தெரிந்தது.

பேர் சொல்லும் வியாதி

கொழும்பில் ஒரு பூவுக்குப் பேர் சொல்வது லேசான வேலை இல்லை. செவ்வரத்தை என்று நான் சொன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் செம்பருத்தி என்பார். அதோடு பிரச்சினை முடிந்துவிடும், பூ ஒன்றுதான். ஆனால் அலரியில் மாட்டிக்கொள்வோம். நாங்கள் அலரி என்பது ஒல்லி இலைச் செடி, கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்பில் பூப்பது. சிங்களத்தில் அரலிய என்றால் அது வேறு: விகாரை வாசலில் உதிர்ந்து கிடக்கும், வெள்ளையில் மஞ்சள் நடு வைத்த, மணக்கும் பூ. சொல் ஒன்று, செடி இரண்டு. இந்த இரண்டாவது செடிக்குப் பழைய தமிழ் அகராதிகளில் ஈழத்தலரி என்று ஒரு பேர் இருப்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்ச நஞ்சமல்ல. ஒரு வாரம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு படித்தேன், அந்த மரத்தின் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். ஈழத்துக்கு அது வந்தேறி. ஈழத்தின் பேரைப் போட்டுக்கொண்டு தமிழுக்குள் நுழைந்திருக்கிறது. அதிலும் ஒரு தந்திரக்காரப் பூ அது. இரவில் வாசம் வீசி அந்துப்பூச்சிகளைக் கூப்பிடும். வந்து பார்த்தால் ஒரு சொட்டுத் தேன் இருக்காது.

இப்படி ஒவ்வொன்றாகத் தெரிய வரும்போது மனிதன் என்ன செய்வான்? மற்றவர்களைத் திருத்த ஆரம்பிப்பான். வெசாக் முடிந்த ஒரு திங்கட்கிழமை, அலுவலகத்தில் கூட வேலை செய்யும் சிங்களத் தோழி விகாரையில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். அடிமரத்திலிருந்தே கொடி கொடியாகத் தொங்கும் பூ, செம்பழுப்பு இதழ், நடுவில் படமெடுத்த பாம்பு மாதிரி வளைந்த மகரந்தக் குடை. “சல் மல்” என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். புத்தர் பரிநிர்வாணம் அடைந்தது சால மரங்களுக்கு நடுவே. அந்தச் சால மரம் வட இந்தியக் காடுகளில் வளரும் வேறு மரம். இது தென் அமெரிக்காவின் கயானாப் பக்கத்திலிருந்து வந்தது. ஆகவே இது சல் இல்லை, நாகலிங்கப்பூ என்று ஒரு சிறு விரிவுரை நடத்தி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கயானாவிலிருந்து வந்ததில் நாகமும் லிங்கமும் எப்படி வந்தது?” என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஆனாலும் வியாதி போகவில்லை. நீலோற்பலம் விஷயத்தில் நாடே தவறியிருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஒருவித ஆறுதல்கூட. 1986இல் இலங்கையின் தேசியப் பூவாக நில் மானெல் அறிவிக்கப்பட்டது; நீலோற்பலத்துக்குச் சிங்களத்தில் அதுதான் பேர். இந்தக் குளத்து நீலாம்பல் இயல்பில் வெளிர் நீலம். ஆனால் பூக்கடைகளில் கட்டுக்கட்டாக விற்பதும், தேசியப் பூ என்று படங்களில் காட்டப்பட்டு வந்ததும் பளிச்சென்ற ஊதா நிற ஆம்பல். அது வெளியிலிருந்து வந்து இங்கே பரவிய செடி என்று தாவரவியலாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தால், படம் எடுப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வெளிர் நீலமும் ஊதாவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கமரா எதன் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். என் கமரா அப்படித்தான் திரும்பியது.

பேர் தேடுவதற்கு இப்போது செயலிகள் இருக்கின்றன, எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் கவனிக்காமல் விட்டது ஒன்று. பிளான்ட்நெட்டில் படத்தைக் கொடுத்ததும் அது கேட்கும்: இது பூவா, இலையா, காயா, பட்டையா? நான் ஒவ்வொரு தடவையும் பூ என்பதை அழுத்திவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கிறேன். நண்பன் கேட்ட அதே கேள்வியை அது இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கண்ட செடி கொடிகளைப் பதிந்துவைக்கும் ஐநேச்சுரலிஸ்ட்டில் இன்னொரு விஷயம். பூங்காவில் நட்டு வளர்த்த செடியைப் பதிந்தால் அதை வளர்ப்புச் செடி என்று குறிக்க வேண்டும்; குறித்தால் ஆய்வுத் தரம், அதாவது ஆய்வுக்கு எடுக்கத் தக்க பதிவு என்ற முத்திரை, கிடைக்காது. முதலில் எனக்கு இது அவமானமாகப் பட்டது. பிறகுதான் காரணம் புரிந்தது. சிங்கராஜக் காட்டில் ஒரு பூவைக் கண்டால், அந்த இடமே பாதிப் பதிலைச் சொல்லிவிடும்: இந்த உயரத்தில், இந்த ஈரத்தில், இந்தத் தீவில் வளரக்கூடியவை இவ்வளவுதான் என்று பட்டியல் சுருங்கும். பொதுப் பூங்காவில் இடம் எதையும் சொல்லாது. மெக்சிகோக்காரனும் மடகஸ்கார்க்காரனும் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். போதாததற்குக் கலப்பினங்கள். செவ்வரத்தையில் மட்டும் எத்தனை அடுக்கு, எத்தனை நிறம்; தாய் தகப்பன் யார் என்று நாற்றுமேடைக்காரருக்கே தெரியாது. காட்டில் பேர் கண்டுபிடிப்பதை விடப் பூங்காவில் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்று இப்போது அடித்துச் சொல்வேன்.

கொழும்புக்கு இது புதிதும் இல்லை. ஆங்கிலேயர்களின் தாவரத் தோட்டம் 1821இல் பேராதனைக்குப் போவதற்கு முன்னால் கொம்பனித்தெருவில் கொஞ்ச காலம் இருந்தது; லண்டன் கியூ தோட்டத்தின் பேரைத் தாங்கிய கியூ வீதி இன்னும் அங்கே இருக்கிறது, தோட்டம்தான் இல்லை. செடி போனாலும் பேர் நிற்கும். நான் போகும் பூங்காவே முன்பு விக்டோரியா பூங்கா. அம்மா இன்னும் சில நேரம் அப்படித்தான் சொல்வார்.

வேலியோரம்

நண்பனின் பதில் வந்த அடுத்த ஞாயிறு, ஆறரைக்கே போய்விட்டேன். முதல் நாள் இரவு மழை. நகர மண்டபம் பக்கத்து வாசலால் நுழைந்து, பெரிய புத்தர் சிலையைத் தாண்டி, நடைப்பயிற்சிக்காரர்களுக்கு வழி விட்டுக்கொண்டு வேலிக்குப் போனேன். பூக்கள் வழமை போல. அன்று பூவைப் பார்க்கக் கூடாது என்று சபதம், இலையை மட்டும். எடுத்தேன். ஒன்று, இரண்டு, பத்து. நல்ல இலையாகப் பார்த்து, பூச்சி கடிக்காததாகப் பார்த்து, வெளிச்சம் பின்னாலிருந்து வந்து நரம்பெல்லாம் ஒளிரும்படி. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இலையையும் பூ மாதிரித்தான் எடுத்திருக்கிறேன், முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டு.

குனிந்து நின்ற எனக்குப் பின்னால் விளக்குமாற்றின் சத்தம் நின்றது. பூங்காவில் கூட்டும் அக்கா. ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு வருடமாக ஒருவருக்கொருவர் தலையாட்டியிருக்கிறோம், பேசியதில்லை. நான் சிங்களவன் என்று அவரும் அவர் சிங்களம் என்று நானும் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம் போல. அன்று அம்மாவோடு போனில் கத்திப் பேசிக்கொண்டு வந்தது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“என்னா தம்பி, இன்னைக்கு எலைய எடுக்கிறீங்க?”

பேர் தெரியவில்லை, இலையைப் பார்த்தால்தான் பேர் சொல்லலாமாம் என்றேன்.

“எந்தக் கொடிக்கு?”

இந்தக் கொடிக்குத்தான், இந்த நீலப்பூ.

“அதான் கேக்குறேன், எந்தக் கொடிக்கு? அது ரெண்டு கொடி தம்பி.”

நான் வேலியைப் பார்த்தேன். ஒரே பச்சைச் சுவர். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே பூ. அக்கா விளக்குமாற்றை வேலியில் சாய்த்துவிட்டு வந்தார். என் கையைப் பிடிக்காத குறையாக ஒரு இலையைக் காட்டி, “தொட்டுப் பாருங்க” என்றார். தொட்டேன். மேல்பக்கம் சொரசொரவென்று இருந்தது. பூனையின் நாக்கு மாதிரி, ஒரு பக்கமாகத் தடவினால் விரலைப் பிடிக்கும். அகலமான இலை, காம்பிடத்தில் இதய வடிவம், ஓரத்தில் பெரிய பெரிய பற்கள். பிறகு நான்கு எட்டுத் தள்ளிப் போய் இன்னொரு இலை. “இதையும் தொடுங்க.” வழுவழுப்பு. வெற்றிலையைத் தொடுவது போலக் குளிர்ச்சி. நீண்ட இலை, ஓரத்தில் பல் என்று பெரிதாக எதுவும் இல்லை. நடுவில் இரண்டு கொடியும் பின்னிக்கொண்டு கிடந்தன. அங்கே ஒரு பூவைப் பிடித்து அது யாருடையது என்று காம்பு வழியே போய்ப் பார்க்கவே இரண்டு நிமிடம் ஆகும்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். “வெட்டுறப்போ தெரியும். வெட்டிப்போட்டதை அள்ளிக்கிட்டுப் போவோம்ல, இந்தப் பக்கத்துது கையெல்லாம் கீறும். அந்தப் பக்கத்துது ஒண்ணும் செய்யாது. அதனால அத யார் அள்ளுறதுன்னு எங்களுக்குள்ள சண்டை.” முழங்கைக்குக் கீழே அவர் கையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இருந்தன. பேர் என்ன சொல்வீர்கள் என்றேன். “நீலக்கொடிதான். இது சொரசொரப்பு, அது வழவழப்பு. வேற என்ன பேரு?” என்று சொல்லிவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூட்ட வேண்டியது இன்னும் பாதிப் பூங்கா இருந்தது.

அன்று மத்தியானம் நண்பனுக்கு இரண்டு இலையையும் தனித்தனியாக, அகலம் நீளம் தெரிய, பின்பக்கமும் திருப்பி எடுத்து அனுப்பினேன். இந்த முறை உடனே பதில் வந்தது, குரல் பதிவாக, உற்சாகத்தோடு. இரண்டும் துன்பெர்ஜியா. சொரசொர இலை துன்பெர்ஜியா கிராண்டிஃப்ளோரா. வழுவழு இலை துன்பெர்ஜியா லோரிஃபோலியா. பூவை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே பாடு. முதலாவதன் பேருக்குப் பெரிய பூ என்று அர்த்தம், இரண்டாவதன் பேருக்கு லாரல் மரத்து இலை போன்ற இலை என்று அர்த்தம். பேர் வைத்தவர்களில் ஒருத்தர் பூவைப் பார்த்திருக்கிறார், மற்றவர் இலையைப் பார்த்திருக்கிறார். நான் எந்தக் கட்சி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் சொன்னான்: பூவைத் திருப்பிப் பார். அடுத்த வாரம் திருப்பிப் பார்த்தேன். 61 படத்திலும் நான் காணாத பக்கம். பூக்குழாயின் அடியை இரண்டு பச்சைப் பூவடிச்சிதல்கள், அதாவது பூவின் அடியில் வரும் சிற்றிலைகள், இரண்டு உள்ளங்கை மாதிரி சேர்த்துப் பிடித்திருக்கின்றன. மற்றப் பூக்களில் அந்த இடத்தில் புல்லிதழ் இருக்கும். இங்கே அந்த இரண்டையும் விலக்கினால் உள்ளே புல்லிவட்டம் ஒரு சிறு விளிம்பாக, மோதிரம் மாதிரி, பேருக்கு இருக்கிறது. மொட்டாக இருக்கும்போது அந்த இரண்டு கையும் முழுதாக மூடிக்கொண்டிருக்கும். கடலைப் பருப்பளவு மொட்டைக் கீழே விழுந்ததில் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன்; உள்ளே நீலம் மடித்து வைத்த சேலை மாதிரி.

அழகில்லாத படங்கள்

துன்பெர்ஜியா என்ற பேர் யாருடையது என்று தேடினேன், வியாதிக்காரன் வேறென்ன செய்வான். கார்ல் பீட்டர் துன்பெர்க், சுவீடன்காரர், செடிகளுக்கு இரட்டை லத்தீன் பேர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர். யப்பானிலிருந்து திரும்பும் வழியில் 1777இல் இலங்கைக்கு வந்து, 1778 தொடக்கத்தில் போயிருக்கிறார். கொழும்பில் நடந்திருக்கிறார். அவருக்கும் நூறு வருடத்துக்கு முன்னால், 1672 முதல் சில வருடம், பவுல் ஹேர்மன் என்று ஒல்லாந்துக் கம்பனியின் வைத்தியர் ஒருவர் கொழும்பில் இருந்தார். அவர் இங்கே செடி செடியாகப் பிடுங்கி, அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டிச் சேர்த்தார். ஊர்ப் பேர்களையும் எழுதிவைத்தார். அந்தக் கட்டுகள் பல கை மாறி, கடைசியில் லின்னேயஸிடம் போய்ச் சேர்ந்தன. அவற்றை வைத்துக்கொண்டு அவர் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூலே எழுதிவிட்டார். இலங்கையில் கால் வைக்காமலே. அந்தக் காய்ந்த செடிகள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, இணையத்தில் பார்க்கலாம். நான் ஒரு இரவு முழுக்கப் பார்த்தேன். பார்க்கச் சகிக்காது. பழுப்பும் கறுப்புமாக, பிழிந்த தேயிலை மாதிரி. பூவின் நிறம் போய் முந்நூறு வருடமாகிவிட்டது. ஆனால் இலை காம்பில் எப்படி ஒட்டியிருக்கிறது என்பது அதில் தெரிகிறது. எதிரெதிரா, மாறி மாறியா என்பது தெரிகிறது. காய் இருக்கிறது. என் ஆகச் சிறந்த படத்தில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. லின்னேயஸின் கையில் என் 61 படத்தையும் கொடுத்திருந்தால் அவரும் இலை எங்கே என்றுதான் கேட்டிருப்பார்.

அதற்காக நல்ல படம் எடுப்பதை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். விட முடியாது. செவ்வரத்தையைப் பத்து மணி வெயிலில் எடுத்தால் போன் கமராவுக்குச் சிவப்புத் தாங்காது. இதழின் மடிப்பும் நரம்பும் அழிந்து, சிவப்புப் பெயின்ற் ஊற்றியது போல ஒரு தட்டை மட்டும் மிஞ்சும். வெளிச்சத்தைக் கையால் இரண்டு படி குறைத்து, அம்மாவின் கறுப்புக் குடையை மேலே பிடித்தால் மடிப்பெல்லாம் திரும்பி வரும். நீலப்பூக்களில் எதிர்ப்பிரச்சினை: கண்ணுக்குத் தெரியும் நிறம் ஒன்று, போனில் விழும் நிறம் வேறு. எட்டு மணிக்குப் பிறகு தென்மேற்குக் காற்று எழும்பினால் கொடிப்பூவை எடுப்பதை மறந்துவிட வேண்டியதுதான். இதெல்லாம் இரண்டு வருடத்தில் கற்றது, எனக்கு அருமையானது. ஆனால் இப்போது ஒவ்வொரு அழகான படத்துக்கும் பின்னால் நாலைந்து அசிங்கமான படம் எடுக்கிறேன்: பூவின் முதுகு, இலையின் இரண்டு பக்கம், இலை தண்டில் ஏறும் இடம், காய் இருந்தால் காய், தூர நின்று முழுச் செடி. பக்கத்தில் அளவுக்கு ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி. கடதாசிப்பூவில் நாம் பூ என்று நினைக்கும் நிறமெல்லாம் இலைச் சாதி, உண்மைப் பூ நடுவில் நிற்கும் சின்ன வெள்ளைக் குழாய்தான் என்பதை நான் பாடப் புத்தகத்தில் படித்தேன். கண்ணால் கண்டது இந்த வருடம்.

ஒன்று மட்டும் எந்தப் படத்திலும் வராது. சொரசொரப்பு. எவ்வளவு கிட்டப் போய் எடுத்தாலும், இலையின் மயிர் தெரியுமே தவிர அது விரலைப் பிடிப்பது தெரியாது. அதனால் பதிவுக் குறிப்பில் எழுதிவைக்கிறேன்: மேல்பக்கம் சொரசொரப்பு. அக்காவின் சொல்தான். தாவரவியல் நூல்கள் இந்த வகையைப் பற்றிச் சொல்வதும் ஏறக்குறைய அதுதான், லத்தீனில்.

இனி அந்த 61 படங்கள். போன வாரம் இரண்டு இரவு உட்கார்ந்து அவற்றைப் பிரித்துப் பார்த்தேன். எது எந்தக் கொடி? பூவைத் தவிர ஒன்றும் இல்லாத படங்களில், மூலையில் மங்கிக் கிடக்கும் பச்சையைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பல் தெரிகிறதா, இதய வடிவம் தெரிகிறதா என்று தேடினேன். எதை மங்கலாக்கப் பாடுபட்டேனோ அதற்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டு. 11 படங்களைச் சொரசொரப்பு என்று பிரித்தேன், 8 வழவழப்பு. மிச்சம் 42. போய் மறுபடி எடுக்கலாம் என்றால், வேலியை அடியோடு வெட்டிவிட்டார்கள்; கொடி திரும்பத் துளிர்த்துப் பூக்க மாதக் கணக்காகும். வெட்டியதை யார் அள்ளினார்கள் என்று அக்காவிடம் கேட்க வேண்டும்.

அந்த 42இல்தான் ஆகச் சிறந்த படமும் இருக்கிறது, நண்பனுக்கு அனுப்பியது. அம்மா அதைத் தன் போனின் முகப்பில் போட்டு வைத்திருக்கிறார். நேற்று இரவு சாப்பிடும்போது போன் அடித்தது; எடுக்கும் முன் திரையைப் பார்த்துவிட்டு, “இப்பவாவது இதின்ர பேரைக் கண்டுபிடிச்சியோ?” என்றார்.

“ரெண்டில ஒண்டு அம்மா.”

“எந்த ரெண்டில?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.